அண்ணன் கொண்டுவந்த படம்

முத்துச்செல்வம் யூனிபார்மைக் கழற்றாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தால் ஸ்டேஷனில் ஏதோ வில்லங்கம் என்று அர்த்தம். அன்றைக்கு அவன் பெல்ட்டைக்கூடத் தளர்த்தவில்லை. நேராகத் தம்பி அபியின் அறைக்கு வந்தான். கட்டிலில் கிடந்த துணிகளை ஓரமாகத் தள்ளிவிட்டு உட்கார்ந்து செல்போனை நீட்டினான்.

"ஏலே, நீ வீடியோக்காரன்தான? இதப் பாத்து ஆள் யாரு, எடம் எங்கனன்னு சொல்லு. எந்தம்பி பாத்தான்னா புட்டுப்புட்டு வச்சிருவான்னு இன்ஸ்பெக்டர்ட்ட பெருமையடிச்சிட்டு வந்திருக்கேன்."

செல்போனில் அபியின் முதுகு இருந்தது.

வெற்று முதுகு. அதன்மேல் சிவப்பும் பச்சையுமாகச் சாயம். அபி போனைக் கையில் வாங்காமல், "மேசையில வைங்கண்ணே" என்றான்.

அபி தென்காசியில் ஒரு கல்யாண ஸ்டூடியோவில் எடிட்டர். முகூர்த்த நேரத்தில் மாப்பிள்ளை தும்மினால் தும்மலை வெட்டிவிடுவான், பெண்ணின் அத்தை முறைத்தால் முறைப்பை வெட்டிவிடுவான். பிழைப்பு அது. குத்துக்கல்வலசையில் அவர்கள் வீட்டைப் போலீஸ்காரர் வீடு என்று சொன்னால்தான் ஆட்டோக்காரனுக்கே தெரியும். பட்டாளத்துக்குப் போன அப்பா வியாதியில் செத்துப்போக, பத்து வயது மூத்த முத்துச்செல்வம்தான் தம்பியைப் படிக்கவைத்தான். முதல் கேமராவையும் அவன்தான் வாங்கிக் கொடுத்தான். அந்தக் கேமராவில் எடுத்த படம்தான் இப்போது மேசைமேல் ஓடிக்கொண்டிருந்தது.

வரைந்தவன் விஜயசங்கர். குற்றாலத்துக்காரன், கல்யாண மேடைக்கும் பள்ளிக்கூடச் சுவருக்கும் படம் வரைகிறவன். அபியின் காதலன். அவர்கள் இரண்டு பேரையும் தவிர இந்தக் கடைசி விஷயம் தென்காசியில் ஒருத்தருக்கும் தெரியாது.

கோயில் வாசலின் இந்தப் பக்கம் ஒருவர் அந்தப் பக்கம் ஒருவராகக் கதாயுதம் பிடித்துக்கொண்டு நிற்கும் துவாரபாலகர்களைப் பார்த்து ஒருநாள் விஜயசங்கர் கேட்டான்: "எத்தனை நூறு வருசமா ஒரே வாசல்ல நிக்காவ. ஒரு தடவையாச்சும் ஒருத்தர் கையை ஒருத்தர் தொட்டிருப்பாவளா?" அந்தக் கேள்விதான் படம். பழைய சுவரோவியம் மாதிரியே அந்த இருவரையும் அபியின் முதுகில் வரைந்தான், விரல்கள் கோத்தபடி. அப்புறம் வடகரைப் பக்கம் ஒரு தென்னந்தோப்பை ஒட்டி விழும் ஓடைத் தண்ணீருக்கடியில் அபி நிற்க, சாயமெல்லாம் கரைந்து வழிந்தது. அதை எடிட்டில் அபி பின்னோக்கி ஓடவிட்டான். அதனால் படத்தில் தண்ணீர் கீழேயிருந்து மேலே ஏறும். கலங்கிக் கிடக்கிற சாயம் கொஞ்சம் கொஞ்சமாக முதுகில் வந்து ஒட்டும். நடுவில் பிரஷ் பிடித்த ஒரு கை மட்டும் வந்துபோகும். கடைசியில் இரண்டு பேர் கைகோத்து நிற்பார்கள். அவ்வளவுதான். முகம் கிடையாது, பேச்சு கிடையாது, எடுத்தவர் பெயரும் கிடையாது. முடிவில் 'தென்காசி' என்று ஒரே ஒரு சொல் வரும். அது வேண்டாம் என்று அபி எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "நம்ம பேருதான் போடமுடியல, ஊர் பேராவது இருந்துட்டுப் போட்டும்" என்றான் விஜயசங்கர்.

சென்னையில் இவர்களைப் போன்ற பால்புதுமையர் படங்களுக்கென்று நடக்கும் ஒரு விழாவில் அதைத் திரையிட்டார்கள். கைதட்டினார்களாம். அதோடு விட்டிருக்கலாம். இணையத்திலும் பார்க்கலாம் என்று போட்டார்கள். எவனோ ஒரு புண்ணியவான் அதிலிருந்து ஒரு துண்டைப் பிடித்து வாட்ஸப்பில் விட்டுவிட்டான். சாமி வாசலை அசிங்கப்படுத்திய தென்காசி நாய்கள் என்று மேலே எழுத்து. ஒரு கூட்டம் ஸ்டேஷனில் புகார் கொடுத்துவிட்டு வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது. கூடவே ஒரு குரல் பதிவும் சுற்றியது: வரைந்த கையை எடுக்காமல் விடமாட்டோம். காலையிலிருந்து அபி அந்தக் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். விஜயசங்கரைக் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கச் சொல்லியிருந்தான். அந்தக் கையைத் தவிர வேறு நினைப்பே அவனுக்கு இல்லை.

"போன்ல என்னத்தத் தெரியும்? உன் லேப்டாப்புல போடு" என்றான் முத்துச்செல்வம்.

அபி வேண்டுமென்றே மெதுவாக ஏற்றினான். கேபிளைத் தேடுவதுபோல் தேடினான். அடுக்களையில் அம்மா வடிவம்மாள் ரசத்துக்குத் தாளிக்கும் சத்தம் கேட்டது. வெளியே சாரல் தூறுவதும் நிற்பதுமாக இருந்தது. படம் பெரிய திரையில் ஓடத் தொடங்கியதும் முத்துச்செல்வம் முன்னால் சாய்ந்துகொண்டான்.

தண்ணீர் மேலே ஏறியது.

"ஏலே! எப்படிலே தண்ணி மேல போவுது?"

"ரிவர்ஸ் பண்ணிருக்காங்கண்ணே."

"இன்னொருக்கா போடு." இரண்டாவது முறையும் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தான். "நல்லாத்தான் எடுத்திருக்கான் சவத்து மூதி."

அந்தப் பயத்திலும் அபிக்கு ஒரு பெருமை வந்தது. மனுஷனுக்கு வெட்கமே கிடையாது. தூக்குக் கயிற்றுக்குக் கீழே நின்றாலும் நல்லாயிருக்கு என்று ஒருவன் சொன்னால் காது நீளும். அடுத்த நொடியே அண்ணனின் குரல் மாறிவிட்டது. போலீஸ் குரல்.

"சரி. மொகம் இல்லாட்டி என்ன? களவாணிய நாங்க மொகத்த வச்சா பிடிக்கோம்? நடைய வச்சுப் பிடிப்போம், காத வச்சுப் பிடிப்போம். காதுப் பக்கம் கொண்டா."

அபி கொண்டுபோனான். திரையில் அவனுடைய காதின் ஓரம் தெரிந்தது. அதே காது, ஒரு முழ தூரத்தில், அண்ணனுக்கு நேராக இருந்தது. திரும்பிப் பார்த்தால் முடிந்தது கதை. அபி தலையை மெதுவாக மறுபக்கம் சாய்த்து, முடியை இழுத்துவிட்டுக்கொண்டான்.

"ரொம்ப மங்கலா இருக்குண்ணே. வாட்ஸப்புல வந்தா எல்லாம் உடைஞ்சு போயிரும்."

"இவன் கெடக்கான். சும்மா நின்னவன்தான? வரைஞ்சவன்தான் வேணும். அவனுகளும் அந்தக் கையத்தான் கேக்கானுவ. கை வருத எடத்துல நிறுத்து."

அபி நிறுத்தினான். பிரஷ் பிடித்த விஜயசங்கரின் விரல்கள். நகக்கண்ணில் எப்போதும் போகாத நீலம். அபி எத்தனையோ முறை அந்த நகத்தைத் தேய்த்துவிட்டிருக்கிறான்.

முத்துச்செல்வம் திரையைப் பார்த்து, தன் கைகளைப் பார்த்து, மறுபடி திரையைப் பார்த்தான்.

"நொட்டாங்கை" என்றான். "இவன் நொட்டாங்கையாலல்லா வரையுதான். கட்டவிரல் எந்தப் பக்கம் இருக்கு பாரு. தென்காசி வட்டாரத்துல படம் வரையுதவன், அதுலயும் நொட்டாங்கைக்காரன்… பெயிண்டுக்கடையில ஒரு வார்த்தை கேட்டாப் போதும்லே. அரை மணி நேரம்."

பெயிண்டுக்கடைக்காரர் அரை மணி நேரம்கூட எடுத்துக்கொள்ள மாட்டார். நம்ம குற்றாலம் விஜயசங்கரா என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிடுவார். வாயில் வந்த பொய்யை அபி அப்படியே அவிழ்த்துவிட்டான்.

"அப்படிச் சொல்லமுடியாதுண்ணே. இது மிரர் பண்ணின படம். கண்ணாடியில பாக்கமாதிரி இடம்வலம் திருப்பிப் போட்டிருக்கான். அப்பம் அவன் வலதுகைக்காரனாத்தான் இருப்பான்."

"அப்படியா?"

"ஆமாண்ணே. நாங்க கல்யாண வீடியோல தினமும் பண்ணுததுதான்."

முத்துச்செல்வம் யோசித்தான். அவன் யோசிக்கும்போது மீசையின் ஒரு பக்கத்தை நீவுவான். தம்பி சொன்னதை அவன் நம்பாமல் இல்லை. ஆனால் இருபது வருஷம் காக்கிச் சட்டை போட்டவனுக்கு யார் சொன்னாலும் ஒருமுறை தட்டிப் பார்த்தால்தான் தூக்கம் வரும்.

"அப்பம் எழுத்தும் திரும்பியிருக்கணும்லா? ஆம்புலன்ஸ் முன்னால எழுதியிருக்குமே, அந்தமாதிரி. படத்துல எங்கனயாச்சும் எழுத்து கெடக்கான்னு தேடு."

முடிவில் தனியாகச் சேர்த்த ஊர்ப் பெயரைத் தவிர, எடுத்த காட்சிகளில் எழுத்து எதுவும் கிடையாது என்று அபிக்கு நிச்சயமாகத் தெரியும். ஃபிரேம் ஃபிரேமாக அவனே பார்த்து எடிட் பண்ணின படம். அந்தத் தைரியத்தில் ஒவ்வொரு காட்சியாக நகர்த்திக் காட்டினான். பாறை, தென்னை, தண்ணீர், முதுகு, இடுப்பில் கட்டியிருந்த வெள்ளை வேட்டி.

"நில்லு, நில்லு. அந்த வேட்டி முனையில கருப்பா என்னலே?"

ஈரத்தில் ஒட்டிக் கிடந்த வேட்டியின் ஓரத்தில் சிறியதாக ஏதோ இருந்தது. அபி அதைப் படத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறான், அழுக்கு என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கிறான். பெரிதாக்கினான். ஒரு 'க'. பக்கத்தில் இரண்டு புள்ளி. கீழே ஒரு கோடு.

"லாண்டரிக் குறி!" முத்துச்செல்வம் தொடையில் அடித்துக்கொண்டான். "எவ்வளவு வெளுத்தாலும் போகாத மை. 'க' நேரா இருக்கு பாத்தியா? ஒண்ணும் திருப்பல. உன் சோலி உனக்கே தெரியலியே, நீயெல்லாம் என்னத்த எடிட்டர்? அவன் நொட்டாங்கைக்காரன்தான். அதுவும் வேண்டாம், இந்தக் குறி போதும். யார் வீட்டுத் துணின்னு லாண்டரிக்காரன் பாத்ததும் சொல்லிருவான்."

அபிக்குக் காதுக்குள் ரயில் ஓடியது. அது அண்ணனுடைய வேட்டி. அபியிடம் இருந்ததெல்லாம் ஒட்டிக்கட்டுகிற வேட்டிகள். படத்துக்கு நல்ல பருத்தி வேட்டி வேண்டும் என்று அண்ணனின் அலமாரியிலிருந்து எடுத்துப்போய், துவைத்துக் காயவைத்து, மடித்துத் திரும்ப வைத்திருந்தான். முகத்தை மறைக்கத் தெரிந்தவனுக்கு, குரலை வெட்டத் தெரிந்தவனுக்கு, வேட்டியைத் திருப்பிப் பார்க்கத் தோன்றவில்லை. அந்த வீட்டில் யாருக்குமே தோன்றாது. துணி லாண்டரிக்குப் போகும், கஞ்சி போட்டு மொடமொடவென்று வரும், உடுத்திக்கொள்வார்கள். அதன் முனையில் என்ன கிறுக்கியிருக்கிறது என்று எவன் பார்த்தான்? முத்துச்செல்வமும் பார்த்ததில்லை.

"எந்தக் கடைக் குறின்னு தெரியணுமே" என்றவன், சட்டென்று தலையைக் குனிந்து பின்கழுத்தைக் காட்டினான். "என் காலரத் திருப்பிப் பாரு. நம்ம லாண்டரிக்காரன் இதேமாதிரிதான் போடுதானான்னு."

அபி எழுந்து அண்ணனுக்குப் பின்னால் போனான். கஞ்சி போட்ட காலரைத் திருப்பினான். வேர்வையில் நனைந்த அந்தக் கழுத்தைச் சின்ன வயதில் கட்டிக்கொண்டு சைக்கிளில் போயிருக்கிறான். காலரின் உள்பக்கம் ஒரு 'க', இரண்டு புள்ளி, ஒரு கோடு.

"என்னலே, அதேதானா?"

"வேறண்ணே" என்றான் அபி. "இது வேற மாதிரி இருக்கு."

"அப்பம் வேற கடை. அதுவும் நல்லதுதான், பாதி சோலி முடிஞ்சது."

முத்துச்செல்வம் தன் போனை எடுத்துத் திரையிலிருந்த குறியைப் படம் பிடித்தான். ஸ்டேஷன் குரூப்பைத் திறந்தான். ஒரு விரலால் தேடித்தேடி எழுத ஆரம்பித்தான். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது அவன் பழக்கம். "எல்லா லாண்டரியிலும்… இந்தக் குறி… விசாரிக்கவும்."

அப்போதுதான் அபிக்கு உறைத்தது. போலீஸ்காரன் கேட்டு வந்தால் லாண்டரிக்காரர் இந்தக் குறியைப் பார்த்துச் சொல்லப்போகும் பெயர் அபி இல்லை, விஜயசங்கர் இல்லை. ஏட்டு முத்துச்செல்வம். ஸ்டேஷன் வாசலில் உட்கார்ந்திருக்கும் அந்தக் கூட்டத்துக்கு முன்னால், இன்ஸ்பெக்டருக்கு முன்னால், அண்ணன் தன் கழுத்துக்குத் தானே சுருக்குப் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தான்.

விரல் அனுப்பும் பொத்தானுக்குப் போனது. அபி அண்ணனின் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அனுப்பாதீங்கண்ணே. அது உங்க வேட்டி."

முத்துச்செல்வம் சிரித்தான். அப்புறம் தம்பியின் முகத்தைப் பார்த்தான். அப்புறம் திரையைப் பார்த்தான், முதுகை, தோளை, காதை. எழுந்து அபியின் தலைமுடியை ஒதுக்கிக் காதைப் பார்த்தான். சிரிப்பு எந்த இடத்தில் செத்தது என்று சொல்ல முடியாது.

அடி பளாரென்று விழுந்தது.

"என்னலே சத்தம்?" என்று அடுக்களையிலிருந்து அம்மா கேட்டாள்.

"கொசும்மா" என்றான் முத்துச்செல்வம்.

அபி அண்ணனைப் பார்த்தான். கோபமாக இருக்கும் என்று நினைத்தான். கோபமில்லை. ரவுடிகளை ஒற்றை ஆளாக இழுத்துவந்தவன், அணைக்கட்டில் செத்து மிதந்தவர்களைத் தூக்கிக் கரைசேர்த்தவன், பயந்துபோயிருந்தான். அபிக்கு அதுவரை இருந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டது. அண்ணனே பயந்தால் அப்புறம் யார் இருக்கிறார்கள்?

"அவனுகளை உனக்குத் தெரியாதுலே" என்று முத்துச்செல்வம் கிசுகிசுத்தான். போட்டோவை அழித்தான், எழுதியதை அழித்தான், அழிந்ததா என்று மறுபடி மறுபடி பார்த்தான். "கையை எடுப்போம்னு சொன்னவன் சும்மா சொல்லல. நான் ஒருத்தன் இத அழிச்சா ஆச்சா? எல்லாவன் போன்லயும் கெடக்கு. எவனாச்சும் ஒருத்தன் பெருசாக்கிப் பாத்தான்னா… சட்டையப் போடு. கெளம்பு."

"எங்கண்ணே?"

"கேரளாவுக்கு. புனலூர்ல கல்யாண சோலின்னு அம்மாட்ட சொல்லு. தென்காசி பஸ் ஸ்டாண்டு பக்கம் போவாத. நான் கொண்டுவிடுதேன்."

வடிவம்மாள் ரசக் கரண்டியோடு வந்து நின்றாள். சாப்பிடாமல் என்ன அவசரம், எந்த ஊர் கல்யாணம் பட்டினியில் நடக்கிறது என்று சத்தம் போட்டாள். மகனின் கன்னத்தில் சிவந்திருந்ததைப் பார்த்து, "நல்ல கொசுதான்" என்றாள். வேறு எதுவும் கேட்கவில்லை. அபி அவளைப் பார்க்காமல் செருப்பை மாட்டினான்.

முத்துச்செல்வம் தன் போலீஸ் மழைக்கோட்டைத் தம்பிக்குப் போட்டுவிட்டு, தொப்பியை இழுத்து நெற்றிவரை மூடினான். தான் நனைந்துகொண்டே வண்டியை ஓட்டினான். ஊருக்குள் ஒரு டீக்கடை முன்னால் பத்துப் பதினைந்து பேர் ஒரே போனைச் சுற்றி நின்றுகொண்டிருந்தார்கள். அதில் ஒருவன் கையைத் தூக்கி, "அண்ணாச்சி, ஆள் தெரிஞ்சுதா?" என்று கத்தினான். முத்துச்செல்வம் வேகத்தைக் குறைத்தான்.

"தேடிட்டுத்தான் இருக்கோம்" என்றான் முத்துச்செல்வம். வண்டி நகர்ந்தது. அண்ணனின் முதுகு குளிரில் நடுங்குகிறதா வேறு எதனாலா என்று அபிக்குத் தெரியவில்லை.

மேலகரம் தாண்டிக் குற்றாலத்துக்குப் பக்கத்தில், செங்கோட்டைக்குப் போகிற ரோடு பிரியும் இடத்தில் வண்டி நின்றது. சீசன் கூட்டத்தின் கார்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. முத்துச்செல்வம் திரும்பாமலேயே கேட்டான்.

"அந்த நொட்டாங்கைக்காரன். அவன் வீடு எங்கன?"

அபி போகிற கார்களைப் பார்த்தான்.

"உன்னத்தான் கேக்கேன். அவனும் இங்கன இருக்கக்கூடாதுலா? பேரச் சொல்லு, எடத்தச் சொல்லு."

காப்பாற்றக் கேட்கிறானா? தம்பியைத் தப்பவிட்டு விஜயசங்கரைக் கொடுத்துவிடக் கேட்கிறானா? வரைந்தவன் ஒருவன் கிடைத்துவிட்டால் போதும், கூட்டம் அடங்கிவிடும், வேட்டியை யாரும் தேடமாட்டார்கள். அண்ணன் வேலை தப்பும், வீடு தப்பும், அபியும் தப்புவான். கை ஒன்றுதான் போகும். அந்தக் கணக்கு அண்ணனுக்குத் தோன்றாமலா இருக்கும்? அபி மழைக்கோட்டுக்குள் விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தான்.

முத்துச்செல்வம் இப்போது திரும்பினான். மழைத்தண்ணீர் மீசையில் வழிந்தது.

"என்னையப் பாத்துப் பயப்படுதியா?"

"ஆமாண்ணே."

"அண்ணனாக் கேக்கனா, போலீசாக் கேக்கனான்னு பாக்க. அப்படித்தான?"

"எனக்குத் தெரியலண்ணே."

ஒரு வேன் ஹாரன் அடித்துக்கொண்டு சேற்றைத் தெளித்துப் போனது. அதை முத்துச்செல்வம் திட்டக்கூட இல்லை.

"எனக்கும் தெரியலலே" என்றான். "சத்தியமாத் தெரியல. சாயங்காலம் என்னைய உக்காரவச்சுக் கேட்டானுவன்னா வாயில என்ன வரும்னு எனக்கே தெரியல. அதனால சொல்லாத. யார்ட்டயும் சொல்லாத. என்ட்ட முதல்ல சொல்லாத."

அபி இறங்கினான். மழைக்கோட்டைக் கழற்றப் போனவனின் கையைத் தட்டிவிட்டு, சட்டைப்பையில் இருந்த பணத்தை எண்ணாமல் எடுத்து அதன் பையில் திணித்தான்.

"நான் போற வரைக்கும் இங்கனயே நில்லு. நீ எந்தப் பக்கம் போறேன்னு நான் பாக்கக்கூடாது."

வண்டியைத் தென்காசி பக்கம் திருப்பினான். புறப்படும் முன் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் கையால் உள்ளே மடக்கிவிட்டான். தலையைத் திருப்பவே இல்லை. கார்களுக்கு நடுவே அந்தக் காக்கி முதுகு மறைந்தபிறகும் அபி கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு குற்றாலத்தைப் பார்த்து ஓட ஆரம்பித்தான்.